உயிரோடு இருக்கும் பள்ளிக்குக் கண்ணீர் அஞ்சலி வேண்டாம்

நம் பள்ளியில் படித்துவிட்டுப் போன அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும், என் செட்டுக்காரர்களுக்கும், எனக்குப் பின்னால் வந்த தம்பி தங்கைகளுக்கும்,

வணக்கம். பள்ளி கேட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவன் எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும், மீதிப் பேர் கடையையாவது பார்த்திருப்பீர்கள். பள்ளியின் பெயரை இந்த மடலில் எழுதப்போவதில்லை. இராயபுரம் பக்கம் ஒரு சந்து, ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டு வரை, நடுவில் வேப்பமரம், மரத்தடியில் மாதா சிலை வைத்த சின்னக் குகை மாதிரி ஒரு கெபி என்றால் உங்களுக்குப் புரிந்துவிடும். பெயர் போடாததற்கு ஒரு காரணம் இருக்கிறது. போகப் போகச் சொல்கிறேன்.

போன வாரம் நம் பழைய மாணவர் குழுவிலிருந்து இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். மே மாதச் சந்திப்புக்கு ஃபிளெக்ஸ் பேனர் வேண்டுமாம், பத்துக்கு ஆறு. கையோடு ஒரு போட்டோவும் கொண்டு வந்திருந்தார்கள். பள்ளியின் முகப்பை நல்ல வெயிலில் எடுத்த கலர் போட்டோ. "இத்த பிளாக் அண்ட் ஒயிட் ஆக்கிடுப்பா. சுத்தியும் பூ பார்டர் குடு. கீழ 'நீங்காத நினைவுகளுடன்'னு போட்டுரு" என்றார்கள். ஐநூறு ரூபாய் அட்வான்சும் கொடுத்தார்கள். கேட்டபடியே செய்தேன். முடித்துவிட்டுத் திரையைப் பார்த்தபோதுதான் திக்கென்றது. வாரத்துக்கு நாலு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கிறவன் நான். இந்த வட்டாரத்தில் யார் தவறினாலும் ராத்திரி பதினோரு மணிக்கு என் ஷட்டரைத்தான் தட்டுவார்கள். இரண்டு மெழுகுவர்த்தியும், தோற்றம் மறைவு என்று இரண்டு தேதியும் சேர்த்துவிட்டால் அந்த பேனர் அச்சு அசல் அதுவேதான்.

அப்படியே எதிரே பார்த்தேன். மணி பன்னிரண்டரை இருக்கும். அதே முகப்பு, கலரில் நிற்கிறது. குழாயடியில் ஒரு பையன் தட்டைக் கழுவுகிற சாக்கில் இன்னொருத்தன் சட்டையை நனைத்துக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து என் மகள் வந்தாள். நம் பள்ளியில்தான் ஏழாம் வகுப்பு. திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "காரியம் என்னிக்குப்பா?" என்று கேட்டுவிட்டுத் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஒரு வருடமாகக் குழுவில் ஓடுகிற பேச்சு உங்களுக்கே தெரியும். "நம்ம ஸ்கூல மூடப்போறாங்களாம்." யார் சொன்னது, எப்போது சொன்னார்கள் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. ஒரு அழுகிற முகம், அதற்குப் பின்னால் நாற்பது அழுகிற முகம். அப்புறம் யாராவது ஒருவர் பழைய குரூப் போட்டோவைப் போடுவார். மனசு கேட்காமல்தான் செய்கிறீர்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தச் செய்தி குழுவோடு நிற்பதில்லை. கொளத்தூரில் இருக்கிற அக்கா இங்கே இருக்கிற நாத்தனாருக்கு அனுப்புகிறார். நாத்தனார் மாடி வீட்டுக்குச் சொல்கிறார். மறுநாள் காலையில் மாடி வீட்டுக்காரம்மா என் கடையில் வந்து நிற்கிறார். "அண்ணா, இஸ்கூலு மூடறாங்களாமே, நம்ம பொண்ண எங்கண்ணா சேக்கறது?"

மூடப்போகிறோம் என்று நிர்வாகம் சொல்லவில்லை. கல்வித் துறையிலிருந்தும் அப்படி ஒரு தாள் வரவில்லை. வந்திருந்தால் என் மிஷின் வழியாகத்தான் போயிருக்கும்.

நடந்தது வேறு. மூன்றாம் வகுப்பு டீச்சர் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. அதைப் பார்த்துவிட்டுத்தான் இத்தனை பேச்சும் கிளம்பியது. ஏன் போடவில்லை என்பதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம்மில் பலருக்கு இது தெரியாது. எனக்கே பள்ளியை நடத்துகிற சிஸ்டருக்கு டைப் அடித்துக் கொடுக்கும்போதுதான் புரிந்தது.

நம்முடையது அரசு உதவிபெறும் பள்ளி, எய்டட். கட்டடம், மராமத்து எல்லாம் நிர்வாகத்தின் பாடு. டீச்சர் சம்பளம் அரசாங்கத்தினுடையது. எத்தனை டீச்சருக்குச் சம்பளம் என்பதை ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் 1ஆம் தேதி பள்ளியில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை வைத்து நிர்ணயம் செய்வார்கள். 2009ஆம் வருடத்துக் கல்வி உரிமைச் சட்டத்தில் அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒன்று முதல் ஐந்து வரை 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டு டீச்சர். 61 முதல் 90 வரைக்கும் மூன்று. அதாவது அறுபத்தோராவது பிள்ளை உள்ளே வந்தால் கூடவே ஒரு டீச்சரும் வருகிறார். அந்தப் பிள்ளை டி.சி. வாங்கிக்கொண்டு போனால் அந்த டீச்சர் இடமும் போய்விடுகிறது. கூடுதலாக இருக்கிறவர்களைப் பணி நிரவல் என்று வேறு பள்ளிக்கு அனுப்புவார்கள், ஓய்வு பெற்றவர் இடம் என்றால் காலியாகவே கிடக்கும்.

போன ஜூனில் முதல் இரண்டு வாரத்தில் மட்டும் பதினேழு டி.சி. ஜெராக்ஸ் எடுத்தேன். ஒரு காப்பி இரண்டு ரூபாய். பதினேழில் பத்துப் பன்னிரண்டு சின்ன வகுப்புப் பிள்ளைகளுடையது. ஏன் போறீங்க என்று கேட்டேன். இரண்டு மூன்று பேர் வீடு மாறுகிறோம் என்றார்கள். மீதிப் பேர் சொன்னது, "நடுவுல மூடிட்டா பிரச்சனையாயிடும்ல, இப்பவே மாத்திட்டா நல்லது."

இப்போது ஒன்று முதல் ஐந்து வரை 58 பிள்ளைகள். சிஸ்டரிடம் கேட்டுவிட்டுத்தான் இந்த எண்ணை எழுதுகிறேன். பெயரைப் போடாமல் எண்ணைப் போட்டதற்குக் காரணம் இதுதான். பெயரையும் போட்டால் இந்த மடலே அடுத்த ஜூனில் இன்னும் பத்து டி.சி.யைக் கிழிக்க வைக்கும்.

பிள்ளைகள் குறைந்ததற்கு வதந்தி ஒன்றுதான் காரணம் என்று நான் சாதிக்க வரவில்லை. நம் காலத்தில் வீட்டுக்கு நாலு பிள்ளை, இப்போது ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. வாடகை தாங்காமல் மணலி, மீஞ்சூர், செங்குன்றம் என்று போனவர்கள் உண்டு. பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்து அனுப்பப்பட்ட குடும்பங்களும் உண்டு. அப்புறம் இங்கிலீஷ் மீடியம். அதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி குறைவு, ஏனென்றால் என் பெரியவனை நானே மெட்ரிகுலேஷனில் போட்டேன். ஷூவும் டையுமாக அவன் வேன் ஏறுவதை எதிரே இருந்து நம் டீச்சர்கள் பார்ப்பார்கள். நான் குனிந்து பேப்பர் ட்ரேயைச் சரி செய்வேன். தனியார் பள்ளியில் 25 சதவீத இலவச இடத்துக்கு ஆன்லைன் விண்ணப்பம் போட வருகிறவர்களுக்கும் போட்டுக் கொடுக்கிறேன், தலைக்கு ஐம்பது ரூபாய் வாங்குகிறேன். ஆக, நம் பள்ளியின் வரிசை குட்டையானதில் என் கையும் இருக்கிறது.

இன்னொரு காரணத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2020இல் வந்த சட்டப்படி மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடம் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பிள்ளைகளுக்கு உண்டு. உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடையாது. அதே சத்துணவு சாப்பிட்டு, அதே இலவசப் புத்தகத்தில் படிக்கிற பிள்ளைகள்தான். விவரம் தெரிந்த பெற்றோர் சிலர் ஐந்து முடித்ததும் அரசுப் பள்ளிக்கு மாற்றுகிறார்கள். அவர்களிடம் வேண்டாம் என்று நான் எந்த வாயால் சொல்வது? ஆனால் இதையும் அவர்களிடம் சொல்லிப் பாருங்கள்: கல்லூரிக்குப் போகிற பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கிற புதுமைப்பெண் திட்டம் முதலில் அரசுப் பள்ளிக்கு மட்டும்தான் இருந்தது. 2024 டிசம்பர் 30 முதல் உதவிபெறும் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் உண்டு. பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன். கடையில் பத்துப் பேரிடம் சொன்னால் எட்டுப் பேர் "அப்படியா, நமக்கும் உண்டா?" என்கிறார்கள்.

இப்போது காலையில் நீங்கள் யாரும் இந்தப் பக்கம் வருவதில்லை. வந்தால் ஒன்றைப் பார்க்கலாம்.

போன வருடம், 2025 ஆகஸ்ட் 26 முதல், முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் நகரத்து உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. மயிலாப்பூரில் நம்மைப் போன்ற ஒரு பள்ளியில்தான் தொடங்கி வைத்தார்கள். எட்டு மணிக்கு நான் ஷட்டரைத் தூக்கும்போது சாம்பார் வாசனை சந்து முனை வரைக்கும் வரும். பொங்கல், உப்புமா, கிச்சடி என்று நாளுக்கு ஒன்று. காசிமேட்டில் ஏலத்துக்குப் போகிற அம்மாக்கள் விடிவதற்கு முன்னாலேயே கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். பிள்ளையை எழுப்பித் தலை வாருவது பாட்டியோ அக்காவோதான். இத்தனை நாள் அந்தப் பிள்ளைகளின் காலைச் சாப்பாடு என் பக்கத்துக் கடையில் ஒரு டீயும் பட்டர் பிஸ்கட்டும். அசெம்பிளியில் மயங்கி விழுகிற பிள்ளையைத் தூக்கி வந்து என் கடை பெஞ்சில் படுக்க வைத்த நாட்கள் உண்டு. இந்த ஆறேழு மாதமாக அந்த வேலை இல்லை.

திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். ஒரு பெண் மூன்றாம் வகுப்பு, அவள் அண்ணன் ஆறாம் வகுப்பு. அவள் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அவன் கெபி பக்கத்தில் அவள் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பான், சாப்பாட்டுப் பக்கம் திரும்பாமல். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் எட்டாம் வகுப்பு டீச்சர் வீட்டிலிருந்து கூடுதலாக ஒரு டப்பா கொண்டு வருகிறார். யாரும் அறிவிப்பு செய்யவில்லை, போட்டோ எடுக்கவில்லை. பெரிய பள்ளிகளைக் குறை சொல்லவில்லை. இரண்டாயிரம் பேர் படிக்கிற இடத்தில் ஒரு பையன் எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறான் என்று யார் கண்டுபிடிப்பது?

நான் கிறிஸ்தவன் இல்லை, உங்களுக்குத் தெரியும். அப்பா மீன்பாடி வண்டி ஓட்டினார், வீட்டில் அம்மன் படம். 1982இல் என்னை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது, வீட்டுக்குப் பக்கம், சிஸ்டர்கள் அடித்தாலும் நன்றாகச் சொல்லித் தருவார்கள் என்றுதான் சேர்த்தார்கள். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் என்கிற மதப் பாடம் நடக்கும்போது எங்களை வராந்தாவில் உட்கார வைத்து நீதிபோதனை நடத்துவார்கள். ஜன்னல் திறந்தே இருக்கும். நீதிபோதனையில் என்ன படித்தேன் என்று இப்போது கேட்டால் தெரியாது, "அருள் நிறைந்த மரியே" முழுசும் வரும். பரீட்சைக்கு முந்தின நாள் கெபி முன்னால் வரிசையில் நிற்கிறவர்களில் நெற்றியில் திருநீறும் இருக்கும், தலையில் தொப்பியும் இருக்கும். இன்றைக்கும் அப்படித்தான்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஒரு தடவை பங்குச் சாமியார் ஒரு தாள் ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்தார். நான் கையில் வருவதையெல்லாம் படிக்கிற ஆள், தொழில் அப்படி. உலகத்துக் கத்தோலிக்க ஆயர்கள் கூடின இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் கிறிஸ்தவக் கல்வி பற்றி வெளியிட்ட அறிக்கையைப் பற்றியது. கத்தோலிக்கப் பள்ளிகள் யாரைத் தனியாகக் கவனிக்க வேண்டும் என்று அதில் மூன்று ரகம் சொல்லியிருக்கிறார்கள்: கையில் வசதி இல்லாதவர்கள், குடும்பத்தின் அரவணைப்பு இல்லாதவர்கள், விசுவாசம் இல்லாதவர்கள். படித்துவிட்டுச் சிரித்தேன். முதலிலும் மூன்றாவதிலும் நான் வருகிறேன். எனக்கு இடம் கொடுத்த பள்ளி அது. உங்களில் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர்களுக்கு அந்தப் பற்று என்னைவிட அதிகமாகவே இருக்க வேண்டும். இராயப்பர், அதாவது புனித பேதுரு பெயரை வைத்துக்கொண்டிருக்கிற ஊரில், படகுக்காரர்கள் காசு போட்டுக் கோயில் கட்டின ஊரில், ஒரு சின்னப் பள்ளிக்குப் பிள்ளை கிடைக்கவில்லை என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

சரி, வளைவு விஷயத்துக்கு வருகிறேன். இது சிலருக்குக் கோபத்தை வரவழைக்கும்.

பள்ளி வாசலில் கிரானைட் வளைவு கட்ட வேண்டும், நன்கொடை கொடுத்தவர்கள் பெயரைக் கல்லில் வெட்ட வேண்டும் என்று குழுவில் முடிவு செய்தீர்கள். இரண்டு லட்சம் தாண்டிவிட்டது என்று கேள்விப்பட்டேன். நானும் ஆயிரம் ரூபாய் கொடுத்திருக்கிறேன். வளைவு வேண்டாம் என்று சொன்னால் எனக்கும் நஷ்டம்தான், திறப்பு விழா போஸ்டரும் அழைப்பிதழும் என் கடைக்குத்தான் வரும். இருந்தாலும் சொல்கிறேன். இப்போது இரண்டு டீச்சர் ஐந்து வகுப்பைப் பார்க்கிறார்கள். ஒன்றையும் இரண்டையும் சேர்த்து ஒரு அறை, மூன்று நான்கு ஐந்து இன்னொரு அறை. ஒரு பக்கம் வாய்ப்பாடு, இன்னொரு பக்கம் டிக்டேஷன். நிர்வாகம் தன் கையிலிருந்து சம்பளம் கொடுத்து ஒரு பெண்ணை வைத்திருக்கிறது. அவர் வாங்குவதைச் சொன்னால் நமக்கு வெட்கமாக இருக்கும், அதனால் எழுதவில்லை. அவருக்கு ஒரு வருடச் சம்பளத்தை நாம் ஏற்கலாம். இங்கிலீஷ் பேச வைக்க ஆள் இல்லை என்பதுதான் பெற்றோரின் முதல் குறை, வாரத்துக்கு இரண்டு நாள் அதற்கென்று ஒருவரைப் போடலாம். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் போய்விட்ட குடும்பங்கள் "யாரு கொண்டாந்து விடறது" என்றுதான் நிறுத்தினார்கள். ஒரு ஆட்டோ பேசினால் ஆறு பிள்ளைகள் வருவார்கள். பெண் பிள்ளைகள் கழிவறையின் இரண்டாவது கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. என் மகள் சொன்னது. ஒருத்தி உள்ளே போனால் ஒருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொள்கிறாளாம்.

இதையெல்லாம் முடித்த பிறகும் காசு மிஞ்சினால் வளைவு கட்டுங்கள். அழைப்பிதழை நான் இலவசமாகவே அடித்துத் தருகிறேன்.

கணக்கை மறுபடியும் சொல்லிவிடுகிறேன். இந்த வருடம் ஐந்தாம் வகுப்பில் பதினொரு பேர். அவர்கள் ஆறுக்குப் போய்விடுவார்கள். மீதி 47. ஆகஸ்ட் 1ஆம் தேதி 61 இருக்க வேண்டும் என்றால் புதிதாகப் பதினான்கு பிள்ளைகள் வேண்டும், இருக்கிறவர்கள் யாரும் போகாமல். குழுவில் நாம் இருநூற்றுச் சொச்சம் பேர். எல்லாரும் உங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேருங்கள் என்று கேட்க நான் பைத்தியக்காரன் இல்லை. அம்பத்தூரிலும் துபாயிலும் இருந்துகொண்டு எப்படிச் சேர்ப்பீர்கள்? ஆனால் உங்கள் எல்லாருக்கும் இந்தப் பக்கத்தில் இன்னும் ஒரு வீடாவது இருக்கிறது. தம்பி வீடு, மாமியார் வீடு, வாடகைக்கு விட்ட வீடு. அங்கே ஐந்து வயதுப் பிள்ளை இருக்கிறதா என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள். பங்கில் தெருவாரியாக நடக்கிற அன்பியக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் செபமாலை முடிந்ததும் இரண்டு நிமிடம் இதைப் பேசுங்கள். பீஸ் கிடையாது, புத்தகம், நோட்டு, யூனிபாரம் இலவசம், காலையிலும் மதியமும் சாப்பாடு, வீட்டுக்குப் பக்கம். இதைச் சொல்ல ஃபிளெக்ஸ் கூட வேண்டாம்.

குழுவில் இனி "மூடப்போறாங்களாம்" என்று யாராவது போட்டால் தயவுசெய்து அழுகிற முகத்தை அனுப்பாதீர்கள். "யாருப்பா சொன்னது?" என்று ஒரு வரி கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கே பாதிப் பேர் செய்தியை அழித்துவிடுவார்கள்.

எட்டாம் வகுப்பு வரை மட்டும் இருக்கிற இந்த மாதிரிப் பள்ளிகள் ஒரு தடவை போனால் மறுபடி வருவதில்லை. புதிதாகத் தொடங்குகிற பள்ளிக்கு இப்போதெல்லாம் அரசு மானியம் கிடைப்பதில்லை. பீஸ் வாங்கி நடத்துகிற பள்ளியாகத்தான் திறக்க முடியும், அதில் கூடைக்காரம்மாவின் பிள்ளை சேராது.

பேனர் விஷயம். டிசைன் என் கம்ப்யூட்டரில் அப்படியே இருக்கிறது. நான் உரிமை எடுத்துக்கொண்டு போட்டோவை மறுபடி கலருக்கு மாற்றிவிட்டேன். பூ பார்டரை எடுத்துவிட்டேன். கீழே "நீங்காத நினைவுகளுடன்" இருந்த இடத்தில் "சேர்க்கை நடைபெறுகிறது, ஒன்றாம் வகுப்பு முதல்" என்று போட்டிருக்கிறேன். அளவு அதே பத்துக்கு ஆறு, ரேட்டும் அதேதான். பிடிக்கவில்லை என்றால் பழையதே அடித்துத் தருகிறேன், ஆர்டர் உங்களுடையது. ஞாயிறு மதியம் வரைக்கும் பிரிண்டுக்கு அனுப்பமாட்டேன். இரண்டு பேரில் ஒருவராவது வந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். காலை எட்டரைக்கு முன்னால் வந்தால் நல்லது, கூட்டம் இருக்காது.

இப்படிக்கு,
எதிர்க்கடைக்காரன்,
1982 முதல் 1990 வரை உங்களோடு படித்தவன்